உப்புக்காற்றில் ஓடும் மிதிவண்டி

மிதிவண்டி ஏழையின் வாகனம் என்ற எண்ணம் நகரங்களில் எப்போதோ மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டை நோக்கி வரும் சென்னை இளைஞர்களின் மிதிவண்டிகளுள் சில, ஒரு பழைய ஃபைபர் படகின் விலைக்கு நிகரானவை. ஏரிக்கரையில் நிறுத்திவைத்துத் தேநீர் அருந்திவிட்டு அவர்கள் திரும்பிச் சென்ற பிறகு, குப்பத்துப் பிள்ளைகளின் பேச்சு நெடுநேரம் அந்த வண்டிகளைப் பற்றியதாகவே இருக்கிறது. ஆட்டுக்கொம்பைப் போல வளைந்த ஹாண்டில்பார், விரலளவே தடித்த டயர், ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய எடை ஆகிய மூன்றும் அவர்களுக்கு வியப்பாக இருப்பதில் வியப்பில்லை.

கோட்டைக்குப்பத்தை அடுத்த ஒரு குடியிருப்பிலிருந்து பொன்னேரிக்கு நாள்தோறும் சென்று படிக்கும் மாணவி ஒருவர், 'சார், முப்பதாயிரத்துக்குள்ள ஒரு ரேஸ் சைக்கிள் வாங்கலாமா?' என்று என்னிடம் கேட்டார். பிளஸ் 1 படிக்கும்போது அரசு கொடுத்த மிதிவண்டியில் ஓட்டிப் பழகியவர். மாவட்ட அளவிலான போட்டியில் கலந்துகொள்ள வேண்டும் என்பது அவர் விருப்பம். தாயார் இறால் விற்கிறார். மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வலைக்கும் எஞ்சின் பழுதுக்கும் போக வேண்டிய கடன் அது. இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன், முப்பது ஆண்டுகளாக மிதிவண்டி ஓட்டுபவன் என்பதால் இத்தகைய கேள்விகள் என்னிடம் வருவதுண்டு. கடையில் கிடைக்கும் விளம்பரத் தாளோ, நகரத்து ஆர்வலர்கள் தரும் பட்டியலோ இந்தக் கேள்விக்கு விடையாகாது. ஏனெனில் அவை குளிர்நாட்டு மலைச்சாலைகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. இங்கே மலை இல்லை. உப்பும் மணலும் காற்றும் இருக்கின்றன.

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி நமது திருவள்ளூர் மாவட்டத்திலும் கிடக்கிறது. கிழக்கே ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையில் ஸ்ரீஹரிகோட்டா. (இந்திய விண்வெளித் திட்டம் 1963-இல் தும்பா என்னும் மீனவக் கிராமத்தில் தொடங்கியபோது ராக்கெட்டின் பாகங்கள் மிதிவண்டியில் கொண்டுசெல்லப்பட்டன என்பதை, ஏரியின் மறுகரையிலிருந்து ஏவுகலம் எழும்புவதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நான் நினைத்துக்கொள்வேன்.) பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி ரயில் நிலையம் ஏறத்தாழ 20 கி.மீ. வழி முழுவதும் உப்பங்கழியும் வயலும் சவுக்கும். ஏற்றம் என்று சொல்லத்தக்கது பாலங்கள் மட்டுமே.

இந்த நிலவமைப்பிலிருந்துதான் தேர்வு தொடங்க வேண்டும். சமதளத்தில் மிதிவண்டி ஓட்டுபவர் எதனோடு போராடுகிறார்? பெரும்பாலோர் 'எடையோடு' என்பர். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. வண்டியும் ஓட்டுநருமாக 80 கிலோ என்று கொள்வோம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் காற்றைக் கிழிக்க ஏறத்தாழ 120 வாட் ஆற்றல் வேண்டும். டயர் சாலையில் உருள்வதற்கான இழப்பு, சுமாரான சாலையில் 40 வாட் அளவில் இருக்கும். வண்டியின் எடையை 2 கிலோ குறைத்தால் மிச்சமாவது ஒரே ஒரு வாட். ஆனால், மிதிவண்டிச் சந்தையில் இரண்டு கிலோ குறைப்பதற்குத்தான் பல்லாயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். கொடைக்கானல் மலைச்சாலையில் ஏறுபவருக்கு அந்தச் செலவு பொருளுடையது. பழவேற்காட்டுச் சாலையில் அது வீண். ஆகவே, 'எவ்வளவு இலேசாக இருக்கிறது' என்ற கேள்வியைக் கடையில் கடைசியாகக் கேட்டால் போதும்.

காற்றின் கதை அப்படியல்ல. காலையில் காற்று அடங்கிக் கிடக்கும். பிற்பகலில் கடற்காற்று எழுந்து கரைக்குள் நுழையும். பொன்னேரியிலிருந்து வீடு திரும்பும் மாணவி அந்த நேரத்தில் கிழக்கும் வடகிழக்குமாகத்தான் வண்டியைச் செலுத்தியாக வேண்டும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் செல்லும்போது எதிர்க்காற்று 15 கி.மீ. வேகத்தில் அடித்தால், உடலில் மோதும் காற்றின் வேகம் 35 கி.மீ. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், காற்றில்லாத நாளைவிடத் தடை மூன்று மடங்காகிறது. கார்த்திகை, மார்கழியில் வாடை வீசும் நாட்களில் திசை மட்டும் மாறுமே தவிர, பாடு ஒன்றுதான். இந்த ஊருக்கு மலை என்பது காற்றுதான். வளைந்த ஹாண்டில்பாரின் உண்மையான பயன் இங்கேதான் வெளிப்படுகிறது. கீழ்ப்பிடியில் கைவைத்து முதுகைத் தாழ்த்தும்போது காற்றில் மோதும் உடலின் பரப்பு குறைகிறது. துடுப்பு வலிப்பவர் எதிர்க்காற்றில் குனிவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. பந்தய மிதிவண்டி என்பது வெறும் பகட்டு என்று சொல்வோருக்கு நான் தரும் பதில் இது: தட்டையான, காற்றடிக்கும் நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை.

ஆனால், வளைந்த பிடி பொருத்தப்பட்டதெல்லாம் பந்தய மிதிவண்டி ஆகிவிடாது. உடலுக்குப் பொருந்தாத வண்டியில் எவரும் கீழ்ப்பிடியைத் தொடுவதே இல்லை. முதுகு வலிக்கும், கழுத்து வலிக்கும், ஒரு மாதத்தில் வண்டி சுவரில் சாய்ந்துவிடும். எனவே முதலில் பார்க்க வேண்டியது ஃபிரேமின் அளவு. வெறுங்காலுடன் சுவரில் சாய்ந்து நின்று, கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்றைக் கால்களுக்கிடையில் இருக்கையைப் போல அழுத்தி வைத்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். அந்த அளவை 0.67-ஆல் பெருக்கினால் பழைய பாணி நேர்க்குழாய் ஃபிரேமின் அளவு சென்டிமீட்டரில் கிடைக்கும், 0.883-ஆல் பெருக்கினால் பெடல் அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையிலான உயரம் கிடைக்கும். நம் மாணவிக்கு அளவு 76 செ.மீ. ஆக, ஃபிரேம் 51-ஐ ஒட்டியும், சீட் உயரம் 67 செ.மீ. அளவிலும் அமைய வேண்டும். இன்றைய ஃபிரேம்களில் மேற்குழாய் சரிந்திருப்பதால் ஒவ்வொரு நிறுவனமும் தன் அளவட்டவணையைத் தனியே வைத்திருக்கிறது. அதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. அளவட்டவணையே இல்லாமல் 'எல்லாருக்கும் ஒரே சைஸ்' என்று விற்கப்படும் வண்டியை, விலை என்னவாக இருந்தாலும் விட்டுவிடலாம்.

பெண்களுக்கென்று தனி மாதிரி வேண்டுமா என்பதும் அடிக்கடி எழும் ஐயம். புதுக்கோட்டையில் 1991-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அன்றைய ஆட்சியர் ஷீலாராணி சுங்கத்தின் முயற்சியால் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுத்தந்தது. அப்போது பெண்களுக்கான வண்டி கிடைக்காத இடங்களில் அவர்கள் ஆண்களுக்கான வண்டியையே ஓட்டினார்கள். சிலர், நடுக்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதற்காகவே அதை விரும்பினார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். மாதிரியின் பெயர் முக்கியமன்று. தோள் அகலத்துக்கு ஏற்ற ஹாண்டில்பாரும், விரல் எட்டும் தொலைவில் பிரேக் நெம்புகோலும் இருக்கின்றனவா என்பதே முக்கியம். சிறிய கையுடையவர்கள் நெம்புகோலை அருகில் இழுத்துவைக்கும் திருகு உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். லாரிகள் நிறைந்த சாலையில் பிரேக்கை எட்டிப் பிடிக்க வேண்டியிருப்பது ஆபத்து.

அடுத்து உப்பு. சென்னைக் கடைக்காரருக்கும் பெங்களூருக் கடைக்காரருக்கும் தெரியாத, பழவேற்காட்டு எஞ்சின் மெக்கானிக்குக்கு நன்கு தெரிந்த பாடம் இது. இரும்பு ஃபிரேமா, அலுமினிய ஃபிரேமா என்ற விவாதம் உலகம் முழுவதும் நடக்கிறது. இரும்பு அதிர்வைத் தாங்கும், எங்கும் வெல்டிங் செய்யலாம் என்பர். மலிவு விலையில் கிடைக்கும் இரும்புக் குழாய் உயர்தரக் கலப்பு எஃகு அன்று. கனமானது, உட்புறத்தில் வண்ணப்பூச்சும் இருக்காது. கடலோரத்தில் அது உள்ளிருந்து அரிக்கும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். அலுமினியம் தன்மேல் தானே ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்வதால் உப்புக்காற்றை ஓரளவு தாங்கும். ஆகவே நம் பணத்துக்கு அலுமினிய ஃபிரேமே தகும் என்பது என் கருத்து.

ஆனால், அலுமினியத்துக்கும் ஒரு பகை உண்டு. அலுமினியக் குழாய்க்குள் இரும்புத் திருகோ இரும்பு சீட் கம்பமோ இருந்து, நடுவில் உப்புநீர் புகுந்தால், அந்த இடம் ஒரு சிறிய மின்கலமாகிவிடுகிறது. அலுமினியம் கரைந்து, வெண்பொடியாகி, இரண்டையும் ஒட்டவைத்துவிடும். ஓராண்டு அசைக்காமல் விட்ட சீட் கம்பத்தைப் பிறகு எந்த மெக்கானிக்காலும் எடுக்க முடியாமல் போவதுண்டு. படகின் வெளிப்புற எஞ்சினில் ஒரு துத்தநாகத் துண்டைப் பொருத்தி, 'எஞ்சினுக்குப் பதில் இது அரிக்கட்டும்' என்று விட்டுவைக்கிறார்களே, அதே வேதியியல்தான். மிதிவண்டியில் துத்தநாகம் வைக்க இடமில்லை, கிரீஸ்தான் காவல். சீட் கம்பத்தையும் ஹாண்டில்பார்த் தண்டையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவி மீண்டும் பொருத்தினால் போதும். புது வண்டி வாங்கிய அன்றே இதைச் செய்துவிட வேண்டும். பல கடைகளில் கிரீஸ் இல்லாமலேயே பூட்டித் தருகிறார்கள்.

செயினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் கட்டுமரத்தின் கயிற்றுக்குச் செய்யும் கவனிப்பில் பாதி செய்தாலும் செயின் நீடிக்கும். நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து, உலரவிட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிகுந்ததைத் துடைத்துவிட வேண்டும். மிகுந்த எண்ணெய் மணலைப் பிடித்துவைத்து உப்புத்தாளைப் போல் பற்சக்கரத்தைத் தேய்க்கும். சக்கரத்தின் போக்ஸ் கம்பி துருப்பிடிக்காத எஃகா, வெறும் முலாம் பூசியதா என்பதைக் காந்தத்தை வைத்துச் சோதிக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. சிலவகைத் துருப்பிடிக்காத எஃகும் காந்தத்தில் இலேசாக ஒட்டும் என்பதால் அது உறுதியான சோதனை அன்று. கடைக்காரரிடம் தயாரிப்பு விவரத் தாளைக் கேட்பதே சரி.

பிரேக்கில் ஒரு மயக்கம் நிலவுகிறது. 'டிஸ்க் பிரேக்' என்ற சொல்லுக்கு மோட்டார் சைக்கிள் விளம்பரங்கள் தந்த மதிப்பு மிதிவண்டிக்கும் தாவிவிட்டது. உயர்விலை வண்டிகளில் திரவ அழுத்தத்தால் இயங்கும் டிஸ்க் பிரேக் மேலானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், முப்பதாயிரத்துக்குள் கிடைப்பது பெரும்பாலும் கம்பியால் இழுக்கப்படும் மலிவான டிஸ்க். அது கனமானது, அடிக்கடி உரசும், சரிசெய்யப் பொன்னேரிக்குப் போக வேண்டும். அதே விலையில் நல்ல ரிம் பிரேக் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம். அதன் கட்டையை எந்த ஊர்க் கடையிலும் மாற்றலாம். மணல் படிந்த கட்டை ரிம்மைத் தேய்க்கும் என்பது உண்மை. வாரம் ஒருமுறை கட்டையில் பதிந்த மணற்பருக்கைகளை ஊசியால் எடுத்துவிடுவது அந்தக் குறைக்கு மருந்து.

கியரிலும் இதே மயக்கம். '21 கியர்' என்று அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும். முன்னால் மூன்று, பின்னால் ஏழு, பெருக்கினால் இருபத்தொன்று. அவற்றுள் பாதி ஒன்றையொன்று ஒத்தவை. சமதளத்துக்கு முன்னால் ஒரே பற்சக்கரம் போதும். 46 பல் முன்சக்கரமும் 28 பல் பின்சக்கரமும் சேர்ந்தால், பெடலை ஒரு சுற்று சுற்றும்போது வண்டி மூன்றரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 70 சுற்று என்றால் மணிக்கு 14 கி.மீ. கடும் எதிர்க்காற்றில் இது நடைமுறைக்கு ஏற்ற வேகம். 16 பல் சக்கரத்துக்கு மாற்றினால் சுற்றுக்கு 6 மீட்டர். 80 சுற்றில் 29 கி.மீ. அதற்கு மேல் 12 பல்வரை இருப்பது காற்று முதுகில் அடிக்கும் காலைகளுக்கு. முன்கியர் மாற்றி, அதன் கம்பி, அதன் நெம்புகோல் ஆகியவை இல்லாத வண்டியில் துருப்பிடிக்கும் பாகங்களும் குறைவு. ஷிமானோ நிறுவனத்தின் பாகங்களில் டூர்னி, கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105 என்று படிப்படியாகத் தரமும் விலையும் ஏறும். நம் தொகைக்கு டூர்னியோ, அதற்கு இணையான வேறு நிறுவனத்தின் பாகமோதான் கிடைக்கும். பேரம் படிந்தாலோ பழைய வண்டியானாலோ எட்டுப் படிகள் கொண்ட கிளாரிஸ் கிடைக்கலாம். டூர்னியை இழிவாகப் பேசுவோர் உண்டு. ஏழு பற்சக்கரங்களையும் ஒழுங்காக மாற்றித் தருகிறதென்றால், காற்றுக்கு அதன் பெயர் தெரியப்போவதில்லை.

ஊர்க் கடைகளைப் பற்றிய ஓர் உண்மையை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டின் பழைய கறுப்பு மிதிவண்டிக்கு 28 அங்குல டயர்; அதன் ரிம்மில் டயர் அமரும் விட்டம் 635 மி.மீ. பந்தய மிதிவண்டியின் '700 சி' டயரும் தோற்றத்தில் அதே உயரம். ஆனால் அமரும் விட்டம் 622 மி.மீ. பதின்மூன்று மில்லிமீட்டர் வேறுபாடு. பழவேற்காட்டிலோ பொன்னேரியிலோ பஞ்சர் கடையில் தொங்கும் டயர் எதுவும் இதற்குப் பொருந்தாது. டியூபின் வால்வும் வேறு. ஊரில் பயன்படுவது ரப்பர் குழல் போட்ட பழைய வால்வு. பந்தய டியூபில் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வு. கடைப் பம்ப்பின் வாய் அதைப் பிடிக்காது. பித்தளையில் ஒரு சிறு இணைப்பி விற்கிறார்கள். சில பத்து ரூபாய்தான். அது பையில் இல்லாதபோது நடுவழியில் காற்றிறங்கினால், வண்டி எவ்வளவு சிறந்ததாயினும் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். ஆகவே இரண்டு டியூப், ஒரு டயர், அந்த இணைப்பி, ஒட்டுப் பொருட்கள், கைப்பம்ப் ஆகியவற்றை வண்டியோடு சேர்த்தே வாங்க வேண்டும். பின்கியர் மாற்றியைத் தாங்கும் சிறிய அலுமினியத் துண்டும் ஒன்று உபரியாக இருப்பது நல்லது. வண்டி வலப்பக்கம் விழுந்தால் முதலில் வளைவது அதுதான். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வடிவம் வேறு என்பதால் பிறகு தேடினால் கிடைக்காது.

டயரின் அகலம்தான் குறைந்த செலவில் அதிகப் பயன் தரும் தேர்வு. பந்தய வண்டி என்றால் மெல்லிய டயர் என்ற நம்பிக்கை வல்லுநர்களிடையேயே தளர்ந்துவிட்டது. முன்பு 23 மி.மீ. டயரில் ஓட்டியவர்கள் இன்று 28 மி.மீ. டயரில் பந்தயமே ஓட்டுகிறார்கள். தாரும் சிமென்டும் மணலும் மாறிமாறி வரும் குப்பத்துச் சாலைகளுக்கு 32 மி.மீ. டயர் நுழையும் அளவுக்கு ஃபோர்க்கில் இடமுள்ள வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐம்பத்தைந்து, அறுபது கிலோ எடையுள்ளவர் அதில் 60 பி.எஸ்.ஐ. அளவில் காற்று வைத்துக்கொண்டால் அதிர்வு குறையும், பஞ்சரும் குறையும்.

இப்போது பணக்கணக்கு. மிதிவண்டிக்கும் அதன் பாகங்களுக்கும் 12 விழுக்காடாக இருந்த சரக்கு-சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. கடையில் பட்டியலிட்ட விலை அந்தக் குறைப்புக்குப் பிந்தையதுதானா என்று கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. முப்பதாயிரம் கையில் இருக்கிறதென்றால் வண்டிக்கு இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் போகக் கூடாது என்பேன். மீதி, தலைக்கவசம், முன்னும் பின்னும் விளக்கு, பூட்டு, மேலே சொன்ன உபரிப் பொருட்கள் ஆகியவற்றுக்கு. காட்டுப்பள்ளி, எண்ணூர்த் துறைமுகங்களுக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் மீஞ்சூர்ப் பக்கத்துச் சாலைகளில் இரவும் பகலும் ஓடுகின்றன. அந்தச் சாலையில் பயிற்சிக்குச் செல்லும் பெண்ணுக்குப் பின்விளக்கு இல்லாமல், அந்தப் பணத்தில் ஒரு படி உயர்ந்த கியர் வாங்கித் தருவது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

அந்த வரம்புக்குள் புது வண்டி எனில் தேர்வு குறுகியது. டெகாத்லானின் டிரைபான் வரிசையில் தொடக்கநிலை வண்டி, 1949-இல் தொடங்கி அம்பத்தூரில் வேரூன்றிய டி.ஐ. சைக்கிள்ஸின் மான்ட்ரா, லூதியானாவைச் சேர்ந்த ஹீரோ குழுமத்தின் ஃபயர்ஃபாக்ஸ் போன்றவற்றுள் அவ்வப்போது கிடைப்பவற்றை நேரில் சென்று ஓட்டிப் பார்க்க வேண்டும். மாதிரிகளும் விலைகளும் ஆண்டுதோறும் மாறுவதால் ஒன்றைச் சுட்டிக்காட்டி 'இதை வாங்குக' என்று எழுதுவதில் பயனில்லை. இணையத்தில் பத்தாயிரத்துக்கு அருகில் வரும், அதிர்வுத்தாங்கியும் இரட்டை டிஸ்க்கும் 21 கியரும் ஒருசேர வாக்களிக்கும் வண்டிகளை மட்டும் தவிர்க்கலாம். அந்த விலையில் அத்தனையையும் தர வேண்டுமானால் ஒவ்வொன்றிலும் குறைத்துத்தான் தர முடியும்.

பழைய வண்டி என்பது இன்னொரு வழி. எனக்கு அதுவே பிடித்தமானது. சென்னையில் ஆர்வத்தோடு வாங்கி, நான்கு மாதம் ஓட்டி, பிறகு மாடிப்படியின் கீழ் நிறுத்திவிட்டவர்கள் ஏராளம். நாற்பதாயிரம், ஐம்பதாயிரத்துக்கு வாங்கிய வண்டி பாதி விலைக்குக் கிடைப்பது அரிதன்று. பார்க்கச் செல்லும்போது ஓர் அடிக்கோல் எடுத்துச் செல்ல வேண்டும். செயினின் கண்ணிகள் அரை அங்குல இடைவெளியில் அமைந்தவை. இருபத்து நான்கு இடைவெளி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அடிக்கோலில் பன்னிரண்டைத் தாண்டி எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயினோடு பற்சக்கரமும் தேய்ந்திருக்கும். அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளலாம். சீட் கம்பம் மேலும் கீழும் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும், நகரவில்லையென்றால் வேண்டாம். கீழ்க்குழாய் முன்பக்கம் சேரும் இடத்தில் வண்ணப்பூச்சில் மயிரிழைபோலக் கோடு தெரிந்தாலும் வேண்டாம். அலுமினிய விரிசலை ஊர் வெல்டிங் பட்டறையில் சரிசெய்ய இயலாது. கார்பன் ஃபோர்க் உள்ள வண்டியென்றால் விழுந்ததா என்று கேட்டு, விரல் நகத்தால் முழுநீளமும் தடவிப் பார்க்க வேண்டும். வாங்கிய ரசீதும், ஃபிரேமின் அடியில் பொறித்த எண்ணும் ஒத்துப்போக வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்த மாணவியிடம் நான் சொன்னது 'உடனே வாங்காதே' என்பதுதான். 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிப் பின்னர் எல்லாப் பிரிவு மாணவ மாணவியருக்கும் விரிந்த அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம், இந்தக் குப்பங்களில் பள்ளியிலிருந்து நின்றுவிடாமல் பல பெண்பிள்ளைகளைப் பொன்னேரி வரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அந்த வண்டி கனமானது, கியர் இல்லாதது, பெரும்பாலான பிள்ளைகள் சீட்டை மிகத் தாழ்த்தி வைத்து, முழங்கால் மார்பை இடிக்க ஓட்டுகிறார்கள். சீட்டை உரிய உயரத்துக்கு ஏற்றி, டயரில் காற்றைச் சரியாக வைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டால் அதே வண்டி வேறு வண்டியாகிவிடும். நீண்டதூர மிதிவண்டி ஓட்டத்தில் 200 கி.மீ. தொலைவைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் கடந்தால் போதும். சராசரி வேகம் மணிக்கு 15 கி.மீ.க்கும் குறைவு. அரசு வண்டியில் மூன்று மாதம், வாரத்துக்கு நான்கு நாள், எதிர்க்காற்றில் பழகியவருக்கு அது எட்டாத வேகமன்று. பழகிய பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் கடன் எடுப்பதில் பொருள் உண்டு. மூன்றாம் வாரமே அலுத்துவிட்டால் ஒரு வலையின் விலை மிச்சம்.

இங்கே மற்றொரு யோசனையையும் முன்வைக்க விரும்புகிறேன். பழவேற்காட்டு மீனவர்களுக்குப் 'பாடு' முறை புதிதன்று. ஏரியின் வளமான மீன்பிடி இடங்களை எவரும் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல், தலைக்கட்டுகள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. முகத்துவாரம் மணலால் தூர்ந்து, மீன்வரத்து குறைந்துவரும் காலத்திலும் அது நிலைத்திருக்கிறது. அந்த முறைக்குள் எல்லாச் சமூகத்தாருக்கும் இடமில்லை என்ற குறை நெடுநாளாக உண்டு. பெண்களுக்கும் அதில் நேரடிப் பங்கில்லை. என்றாலும், வேண்டியவர் பலராகவும் வளம் சிலவாகவும் இருக்கும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்தக் கரை கண்ட விடை அதுதான். ஒரு குப்பத்தில் பந்தய வண்டி கேட்கும் பிள்ளைகள் ஐந்தாறு பேர் இருந்தால், ஐந்தாறு குடும்பங்கள் தனித்தனியே கடன்படுவதைவிட, ஊர்ச் சங்கமோ சுயஉதவிக் குழுவோ இரண்டு வண்டிகளை வாங்கி முறைவைத்து ஓட்டலாம். ஃபிரேம் அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் ஒன்று 51, மற்றொன்று 54 என்று எடுத்தால் பெரும்பாலோருக்குப் பொருந்தும். ஒவ்வொருவரின் சீட் உயரத்தையும் கம்பத்தில் வண்ண நாடா ஒட்டிக் குறித்துவைக்கலாம். சீட் கம்பம் நாள்தோறும் ஏறி இறங்குவதால் அது ஒட்டிக்கொள்ளும் கவலையும் இல்லை.

இந்த யோசனையைச் சொன்னபோது மாணவியின் தாயார் கேட்டது ஒரே ஒரு கேள்வி: 'டியூப் வெடிச்சா யார் காசு, சார்?' பாட்டில் வலை கிழிந்தால் அன்றைக்கு இறங்கியவர்தானே தைக்கிறார் என்றேன். அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தேய்மானம் எல்லாருடையது, ஆகவே மாதம் ஐம்பது ரூபாய் எல்லாரும் போட வேண்டும், விழுந்து வளைத்தால் மட்டும் விழுந்தவர் காசு என்றார். குழுவின் அடுத்த கூட்டத்தில் அதை எழுதிவைக்கப் போகிறார்களாம்.